டெக்சாஸ் எதை மறுத்தது, உங்களுக்கு எது கிடைக்கும்?

டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸ் நகரை ஒட்டி வசிக்கும் ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 38. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கணவர் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் இருந்தார். ஜனவரியில் வேலை போய்விட்டது. குடும்பம் முழுவதற்கும் இருந்த மருத்துவக் காப்பீடும் அதோடு ஜனவரி 31 அன்று முடிந்தது. கணவர் இப்போது தனியாக ஒப்பந்த வேலை எடுத்துச் செய்கிறார். இந்த ஆண்டு சுமார் 24,000 டாலர் வரும் என்பது அவர் கணக்கு. அவருக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள். இருவரும் அமெரிக்காவில் பிறந்தவர்கள். கணவர் அமெரிக்கக் குடிமகன். இவர் ஆறு ஆண்டுகளாகக் கிரீன் கார்டில் இருக்கிறார், குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறார். உடன் இருக்கும் 68 வயது மாமியார் கிரீன் கார்டில் வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது.

இவர் வேலை பார்ப்பது ஒரு கிறிஸ்தவக் குடும்பம் நடத்தும் தனியார் நிறுவனத்தில். அறுபது பேர் இருக்கிறார்கள். சம்பளம் ஆண்டுக்கு 36,000 டாலர். கம்பெனி காப்பீட்டில் இவர் மட்டும் சேர்ந்தால் மாதம் 120 டாலர் பிடிப்பார்கள். குடும்பத்தையும் சேர்த்தால் 1,400 டாலர். முதலாளிகளின் மத நம்பிக்கை காரணமாக அந்தத் திட்டத்தில் கருத்தடைக்கு இடமில்லை. ஆனால் மாதவிடாயில் அதிக உதிரப்போக்கு இருப்பதால், ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனம் வைத்துக்கொள்ளச் சொல்லி மருத்துவர் பரிந்துரைத்திருக்கிறார்.

இந்த நேரத்தில்தான் சபையில் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். 'டெக்சாஸ் ஒபாமாகேரை (2010ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டம்) ஏற்கவே இல்லை, அதனால் இங்கே அரசு உதவி எதுவும் கிடைக்காது. ஹெல்த் ஷேரிங் மினிஸ்ட்ரியில் (ஒருவர் மருத்துவச் செலவை மற்ற உறுப்பினர்கள் பகிரும் கிறிஸ்தவ அமைப்பு) சேருங்கள், குடும்பத்துக்கே மாதம் 550 டாலர்தான். விசுவாசிகளுக்குச் சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பதுதானே வேதம் காட்டும் வழி' என்றார்களாம். கணவர் ஏறக்குறைய முடிவெடுத்துவிட்டார். 'எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் சபைக்கு எதிராகப் பேசுவது போலவும் இருக்கிறது. சட்டப்படி எங்களுக்கு என்னதான் உரிமை இருக்கிறது?' என்று கேட்கிறார்.

சகோதரி, உங்கள் கடிதம் வந்த அன்றே ஒரு விஷயத்தை மட்டும் தனியாக எழுதி அனுப்பினேன். மற்ற வாசகர்களுக்காக அதை இங்கே முதலில் சொல்கிறேன். கணவரின் வேலையோடு வந்த காப்பீடு போனால், மனைவி தன் கம்பெனித் திட்டத்தில் ஆண்டின் நடுவிலும் சேரலாம். ஆனால் அதற்குப் பொதுவாக 30 நாள்தான் கெடு. காப்பீட்டுத் திட்டங்களை வாங்க அரசு நடத்தும் இணையச் சந்தைத் தளமான ஹெல்த்கேர் டாட் கவ் வழியாகச் சேர்வதற்கு 60 நாள். உங்கள் விஷயத்தில் முதல் கெடு மார்ச் தொடக்கத்திலும், இரண்டாவது மார்ச் முடிந்த உடனேயும் தீர்ந்துவிடும். வீட்டில் இன்னும் விவாதம் முடியவில்லை என்றாலும் ஹெச்ஆருக்கு அந்த விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

இனி நிதானமாகப் பேசலாம்.

டெக்சாஸ் மறுத்தது ஒரு பகுதியை மட்டும்

சபையில் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. 2010 மார்ச் 23 அன்று ஒபாமா அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அன்றைக்கே ஃபுளோரிடா தலைமையில் மாநிலங்கள் வழக்குப் போட்டன. அதில் டெக்சாஸும் இருந்தது. 2012 ஜூனில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைத் தீர்மானித்தது. காப்பீடு எடுக்காதவருக்கு அபராதம் போடுவது வரி என்ற வகையில் செல்லும் என்றது. ஏழைகளுக்கான மெடிகெய்டை விரிவாக்கச் சொல்லி மாநிலங்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்றும் சொன்னது. அப்போதைய ஆளுநர் ரிக் பெர்ரி இந்த இரண்டாவது தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு விரிவாக்கத்தை மறுத்தார். மாநிலத்துக்கென்று தனிச் சந்தைத் தளம் நடத்தவும் டெக்சாஸ் மறுத்தது. பின்னர் 2018இல் டெக்சாஸ் முன்னின்று இன்னொரு வழக்குப் போட்டது. மொத்தச் சட்டமும் செல்லாது என்று டெக்சாஸ் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் தீர்ப்பும் கொடுத்தார். 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம், வழக்குப் போடவே இவர்களுக்குத் தகுதி இல்லை என்று 7-2 பெரும்பான்மையில் அதைத் தள்ளிவிட்டது.

ஆக டெக்சாஸ் தள்ளிவைத்தது மெடிகெய்ட் விரிவாக்கத்தைத்தான். பிரீமியத்துக்குக் கிடைக்கும் வரி உதவி கூட்டாட்சி அரசு நேரடியாகக் கொடுப்பது. மாநிலம் தளம் நடத்தாவிட்டாலும் அந்த உதவி உண்டு என்று 2015 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-3 என உறுதி செய்தது. 2025ஆம் ஆண்டுக்கு டெக்சாஸில் மட்டும் ஏறத்தாழ 40 லட்சம் பேர் அந்தத் தளம் வழியாகக் காப்பீடு எடுத்தார்கள். முன்பே நோய் இருப்பவரைச் சேர்க்க மறுக்கக் கூடாது, அதற்காகக் கூடுதல் பிரீமியம் கேட்கக் கூடாது என்ற விதியும் உங்கள் ஊரில் அப்படியே செல்லும். இன்சுலின் போடும் உங்கள் கணவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது.

விரிவாக்கத்தை மறுத்ததால் யாருக்கு இழப்பு என்பதையும் சொல்ல வேண்டும். விரிவாக்கத்தை ஏற்ற மாநிலங்களில் வறுமைக்கோட்டின் 138 சதவீதம் வரை வருமானம் உள்ள பெரியவர்களுக்கு மெடிகெய்ட் கிடைக்கிறது. செலவில் 90 சதவீதத்தைக் கூட்டாட்சி அரசு ஏற்கிறது. டெக்சாஸில் பிள்ளைகள் இல்லாத, ஊனமில்லாத பெரியவர் எவ்வளவு ஏழையாக இருந்தாலும் மெடிகெய்டில் சேர முடியாது. பெற்றோர்களுக்கு உண்டு, ஆனால் குடும்பத்தின் மாத வருமானம் சில நூறு டாலரைத் தாண்டினாலே தகுதி போய்விடும். மிசௌரியிலும் ஓக்லஹோமாவிலும் சட்டமன்றங்கள் மறுத்தபோது, 2020இல் மக்களே நேரடி வாக்கெடுப்பில் விரிவாக்கத்தைக் கொண்டுவந்தார்கள். மிசௌரி சட்டமன்றம் அதற்குப் பிறகும் பணம் ஒதுக்காமல் அடம்பிடித்தது; 2021 ஜூலையில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் மக்கள் தீர்ப்பே செல்லும் என்றது. டெக்சாஸ் அரசியல் சட்டத்தில் அப்படி மக்கள் மனுக் கொடுத்து வாக்கெடுப்பு கொண்டுவர வழி இல்லை. ஆறு பேரில் ஒருவர் காப்பீடு இல்லாமல் இருக்கும் மாநிலம் அது, அமெரிக்காவிலேயே மோசமான விகிதம். இதை மாநில உரிமை என்று பெருமையாகச் சொல்வதை என்னால் ஏற்க முடிவதில்லை. டயாலிசிஸுக்கு வழியில்லாமல் அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் நிற்கிறவருக்கு அந்தப் பெருமையால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஷேரிங் மினிஸ்ட்ரி காப்பீடு இல்லை

கிறிஸ்தவ சபைகளில் ஒருவர் மருத்துவச் செலவை மற்றவர்கள் பகிர்வது பழைய, நல்ல வழக்கம். அமெரிக்காவில் மெனனைட், ஆமிஷ் சமூகங்கள் பல தலைமுறைகளாகச் செய்துவருகின்றன. அதை நாடு தழுவிய அமைப்புகளாக ஆக்கியது 1980களிலிருந்துதான். 2010ஆம் ஆண்டுச் சட்டம் இந்த அமைப்புகளின் உறுப்பினர்களுக்கு ஒரு விலக்கு கொடுத்ததும் உண்மை. 1999 டிசம்பர் 31 முதல் தொடர்ந்து இயங்கிவரும் அமைப்பில் உறுப்பினராக இருந்தால், காப்பீடு இல்லாததற்கான அபராதம் இல்லை. அவ்வளவுதான் அந்த விலக்கு. 2017 வரிச் சட்டத்தால் 2019 முதல் அந்த அபராதமே பூஜ்யமாகிவிட்டது. அதாவது 'சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது' என்று உங்களிடம் சொன்ன சலுகைக்கு டெக்சாஸில் இன்றைக்கு எந்தப் பயனும் இல்லை. எதிலும் சேராமல் இருந்தாலும் உங்களுக்கு அபராதம் கிடையாது.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. காப்பீட்டு நிறுவனத்தோடு உங்களுக்கு இருப்பது ஒப்பந்தம். பணம் கொடுக்க மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம், வெளியே உள்ள சுயேச்சையான மருத்துவப் பரிசீலனைக்குக் கொண்டுபோகலாம், மாநிலக் காப்பீட்டுத் துறையிடம் முறையிடலாம், நீதிமன்றத்துக்கும் போகலாம். ஷேரிங் மினிஸ்ட்ரியில் நீங்கள் கட்டுவது பங்களிப்பு. உங்கள் பில்லை மற்றவர்கள் பகிர்ந்தால் நல்லது, பகிராவிட்டால் அவர்களைக் கட்டாயப்படுத்த வழியில்லை. டெக்சாஸ் காப்பீட்டுச் சட்டத்தின் 1681ஆம் அத்தியாயம் இந்த அமைப்புகளைக் காப்பீட்டு விதிகளிலிருந்து விலக்கி வைக்கிறது. அதற்கு நிபந்தனையாக, தாங்கள் காப்பீட்டு நிறுவனம் அல்ல என்பதையும், உங்கள் பில்லுக்கு நீங்களே பொறுப்பு என்பதையும் அவர்கள் எழுத்தில் சொல்லியாக வேண்டும். கணவரிடம் அந்தத் தாளை எடுத்து ஒருமுறை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள்.

முன்பே இருக்கும் நோய்க்கு எவ்வளவு பகிர்வார்கள் என்பதையும் அந்த அமைப்பின் விதிப்புத்தகத்தில் தேடிப் பாருங்கள். பெரும்பாலான அமைப்புகளில் அதற்குக் காத்திருப்புக் காலமோ உச்சவரம்போ இருக்கும். இன்சுலின், கண் பரிசோதனை, சிறுநீரகம், இதயம் என்று சர்க்கரை நோயோடு சேர்ந்து வரும் செலவுகள் அந்த வரம்புக்குள் சிக்கிக்கொள்ளும். மது தொடர்பான நோய், திருமணத்துக்கு வெளியே உண்டான கர்ப்பம் போன்றவற்றை ஒழுக்கக் காரணம் சொல்லிப் பல அமைப்புகள் சேர்ப்பதில்லை. கருத்தடையும் அப்படித்தான். ஆகவே உங்கள் கம்பெனித் திட்டத்தில் எது இல்லையோ அது இங்கேயும் இருக்காது.

எல்லா அமைப்பும் மோசடி என்று நான் சொல்லவில்லை. பல ஆண்டுகளாக நாணயமாக நடக்கிறவையும் உண்டு. ஆனால் விழுந்தவை எப்படி விழுந்தன என்று தெரிந்திருக்க வேண்டும். அலியரா என்ற நிறுவனம் டிரினிட்டி என்ற ஷேரிங் அமைப்பின் பெயரில் திட்டங்கள் விற்றது. உரிமம் இல்லாமல் காப்பீடு விற்கிறது என்று 2019இல் டெக்சாஸ் அட்டர்னி ஜெனரல் அலுவலகமே அதன்மீது வழக்குப் போட்டது. ஒபாமாகேரை எதிர்த்து நீதிமன்றம் ஏறிய அதே அலுவலகம்தான். டிரினிட்டி பிறகு ஷேரிட்டி என்று பெயர் மாற்றிக்கொண்டு 2021இல் திவாலானது. உறுப்பினர்களின் பில்கள் கட்டப்படாமல் நின்றன. காப்பீட்டு நிறுவனம் விழுந்தால் மாநில அளவில் ஓர் உத்தரவாத நிதி இருக்கும். இங்கே அதுவும் இல்லை.

இன்னொரு பொறியும் இருக்கிறது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மினிஸ்ட்ரியில் சேர்ந்துவிட்டு, சரிவரவில்லை என்று ஆகஸ்டில் வெளியே வந்தால், அது 'காப்பீடு இழப்பு' என்ற கணக்கில் வராது. ஹெல்த்கேர் டாட் கவ் வழியாக அப்போது சேர முடியாது. நவம்பர் 1 அன்று சேர்க்கை திறக்கும் வரை பொறுத்து, ஜனவரியில்தான் காப்பீடு தொடங்கும். இப்போது உங்கள் கையில் இருக்கும் 60 நாளை விட்டால் இந்த ஆண்டு முழுதும் கணவருக்கு வேறு கதவு இல்லாமல் போகலாம்.

சபையின் அன்பை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கணவருக்கு அந்த ஐக்கியம் முக்கியம் என்றால், சபைக்குள் உதவி நிதி ஒன்று வைத்து, டிடக்டபிள் (காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை) கட்ட முடியாத குடும்பத்துக்குக் கைகொடுக்கலாம். அப்படிச் செய்யும் சபைகள் இருக்கின்றன. விசுவாசம் ஒரு பக்கம், இந்தச் சட்டம் எதிர்ப்பக்கம் என்றும் நினைக்காதீர்கள். 2010இல் அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் பேரவை இந்த மசோதாவை எதிர்த்தபோது, கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத் தலைவர் சிஸ்டர் கரோல் கீஹன் அதை வெளிப்படையாக ஆதரித்தார். நோயாளிகளை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்த துறவிகளுக்கும் அது விசுவாசத்தின் விஷயம்தான்.

முதலாளியின் நம்பிக்கை எதுவரை செல்லும்

2012 முதல் பெரும்பாலான காப்பீட்டுத் திட்டங்கள் கருத்தடையைக் கட்டணமில்லாமல் தர வேண்டும் என்று விதி வந்தது. ஓக்லஹோமா நகரத்தைச் சேர்ந்த ஹாபி லாபி என்ற கடைத்தொடரின் உரிமையாளர்கள், சில கருத்தடை முறைகள் தங்கள் நம்பிக்கைக்கு எதிரானவை என்று வழக்குப் போட்டார்கள். 1993இல் வந்த மத சுதந்திர மீட்புச் சட்டத்தின் அடிப்படையில், ஒரு சில பேர் கையில் இருக்கும் தனியார் நிறுவனங்களுக்கு இந்த விலக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014 ஜூன் 30 அன்று 5-4 எனத் தீர்ப்பளித்தது. ஆரம்பத்தில் இதற்கு ஒரு நடுவழி இருந்தது. முதலாளி தன் ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்தால், காப்பீட்டு நிறுவனமே ஊழியருக்கு நேரடியாகக் கருத்தடைச் செலவைக் கொடுத்துவிடும். முதியோர் இல்லங்கள் நடத்தும் 'லிட்டில் சிஸ்டர்ஸ் ஆஃப் த புவர்' துறவியர் அந்தக் கடிதம் எழுதுவதே தங்கள் மனசாட்சிக்கு விரோதம் என்றார்கள். டிரம்ப் அரசு விலக்கை அகலமாக்கியது. 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 7-2 என அதை அனுமதித்தது. வழக்குகள் அதோடு ஓயவில்லை. உங்களுக்கு வேண்டியது என்னவென்றால், உங்கள் முதலாளி எடுத்திருக்கும் நிலைப்பாட்டை நேராகப் போய் உடைப்பது கடினம். அதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள் என்பது என் கருத்து.

ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. உங்களுக்கு மருத்துவர் சொன்னது அதிக உதிரப்போக்குக்கான சிகிச்சை. லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோன் உள்ள அந்தச் சாதனத்துக்கு, கருத்தடையாக அதைத் தேர்ந்தெடுக்கும் பெண்களின் அதிக உதிரப்போக்கைச் சரிசெய்யவும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009இலேயே அனுமதி கொடுத்திருக்கிறது. மதக் காரணத்தால் கருத்தடையை நீக்கிய திட்டங்களில் பல, வேறு மருத்துவக் காரணத்துக்கு அதே மருந்தை அனுமதிக்கின்றன. உங்கள் திட்டம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். திட்டத்தில் எது உண்டு, எது இல்லை என்று விளக்கும் 'சம்மரி பிளான் டிஸ்கிரிப்ஷன்' என்ற ஆவணத்தை எழுத்தில் கேளுங்கள். கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. காரணம் கேட்டால் சொல்ல வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. பிறகு மருத்துவரிடம் உதிரப்போக்கு, ரத்த அளவு, ஏற்கெனவே கொடுத்த மருந்துகள் எல்லாம் குறிப்பில் வரும்படி முன் அனுமதி விண்ணப்பம் அனுப்பச் சொல்லுங்கள். உண்மையான நோயை உண்மையாக எழுதினாலே போதும். மறுத்தால் உள் மேல்முறையீடு, அதன்பின் வெளிப் பரிசீலனை. இதற்காக உங்களை வேலையில் பழிவாங்கினால் அது கூட்டாட்சிச் சட்டத்தின்படி தனிக் குற்றச்சாட்டு.

அதுவும் நடக்கவில்லை என்றால், டெக்சாஸ் மாநில அரசே நடத்தும் 'ஃபேமிலி பிளானிங் புரோகிராம்' இருக்கிறது. குறைந்த வருமானக்காரர்களுக்கானது. உங்கள் பகுதியில் எந்த கிளினிக் அதில் இருக்கிறது, காப்பீடு இருந்தும் இந்த ஒன்று மட்டும் இல்லாதவரைச் சேர்ப்பார்களா என்று போன் போட்டுக் கேளுங்கள்.

'முதலாளி நாளைக்கு ரத்தம் ஏற்றுவதையும் தடுப்பூசியையும் நீக்கிவிடுவாரோ' என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். 2014 தீர்ப்பே அதற்கெல்லாம் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நீதிபதி அலிட்டோ அதிலேயே எழுதியிருக்கிறார். எச்ஐவி தடுப்பு மாத்திரை விஷயத்தில் டெக்சாஸைச் சேர்ந்த பிரைட்வுட் என்ற நிறுவனம் 2022இல் கீழமை நீதிமன்றத்தில் மத விலக்கு பெற்றது. அந்த வாதம் இன்னும் எங்கெல்லாம் போகும் என்ற கவலை எனக்கும் உண்டு. ஆனால் இன்றைய நிலையில் உங்கள் கம்பெனித் திட்டத்தின் மற்ற பகுதிகளை அதற்காகச் சந்தேகப்பட வேண்டாம்.

37,650 டாலர் என்ற கோடு

இப்போது கணக்கு. இந்தப் பகுதியைக் கணவரோடு உட்கார்ந்து படியுங்கள்.

கம்பெனித் திட்டத்தில் உங்கள் ஒருவருக்கு மாதம் 120 டாலர். குடும்ப வருமானம் 60,000 என்றால் இது இரண்டரை சதவீதத்துக்கும் குறைவு. அதனால் சட்டத்தின் கண்ணில் உங்களுக்குக் கட்டுப்படியான காப்பீடு கையிலேயே இருக்கிறது. சந்தைத் தளத்தில் உங்களுக்கு உதவி கிடைக்காது. கருத்தடை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக இதை விடாதீர்கள். ஆனால் குடும்பத்துக்கான 1,400 டாலர் ஆண்டுக்கு 16,800 ஆகிறது, வருமானத்தில் கால்வாசிக்கு மேல். வருமானத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத் தாண்டினாலே குடும்பத்தாருக்கு அது கட்டுப்படியாகாத காப்பீடு. முன்பெல்லாம் ஊழியரின் தனிப் பிரீமியத்தை மட்டும் பார்த்துக் குடும்பம் முழுவதையும் தள்ளிவிடுவார்கள். 2023 முதல் விதி மாறிவிட்டது. ஆகவே உங்கள் கணவர் சந்தைத் தளத்தில் உதவியோடு தனியாகக் காப்பீடு எடுக்கலாம். 'கம்பெனியில் காப்பீடு இருக்கிறதே, எங்களுக்குக் கிடைக்காது' என்று நீங்கள் எழுதியது பழைய விதி.

பிள்ளைகள் இருவருக்கும் டெக்சாஸ் நடத்தும் 'சிப்' என்ற குழந்தைகள் காப்பீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். வறுமைக்கோட்டைப் போல் இரு மடங்கு வருமானம் வரை தகுதி உண்டு, ஆண்டுச் சேர்க்கைக் கட்டணம் 50 டாலரைத் தாண்டாது. ஆண்டில் எப்போது வேண்டுமானாலும் சேரலாம்.

இனிதான் டெக்சாஸின் மறுப்பு உங்கள் வீட்டைத் தொடும் இடம். ஐந்து பேர் குடும்பத்துக்கு 2026 காப்பீட்டுக்கான வறுமைக்கோடு 37,650 டாலர். உங்கள் சம்பளம் 36,000. கணவருக்கு இந்த ஆண்டு எதுவுமே வராமல் போனால் நீங்கள் கோட்டுக்குக் கீழே இருப்பீர்கள். விரிவாக்கத்தை ஏற்ற மாநிலமாக இருந்தால் அப்போது கணவருக்கு மெடிகெய்ட் கிடைக்கும். டெக்சாஸில் மெடிகெய்டும் இல்லை, கோட்டுக்குக் கீழே என்பதால் பிரீமிய உதவியும் இல்லை. சம்பாத்தியம் குறைந்தால் உதவி மொத்தமும் போகும் என்ற இந்த விபரீதத்துக்கு அந்த மறுப்பே காரணம். கணவரின் ஒப்பந்தங்கள், அனுப்பிய பில்கள், வேலையிழப்பு உதவித்தொகை (அதுவும் வருமானம்தான்) எல்லாவற்றையும் சேர்த்து, நேர்மையாக ஒரு மதிப்பீடு எழுதி, ஆதாரங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணத்தோடு கோட்டுக்கு மேல் மதிப்பிட்டு, தளமும் அதை ஏற்று உதவி கொடுத்து, ஆண்டு முடிவில் வருமானம் கீழே போய்விட்டால் அதற்காகப் பொதுவாக உதவியைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

மதிப்பிட்டதைவிட அதிகமாக வந்தால் கதை வேறு. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தால், 2026 முதல் கூடுதலாகப் பெற்ற உதவி முழுவதையும் வரி கட்டும்போது திருப்பித் தர வேண்டும். முன்பிருந்த உச்சவரம்பு போய்விட்டது. கணவருக்குப் பெரிய ஒப்பந்தம் கிடைத்தாலோ வேலை கிடைத்தாலோ அந்த மாதமே தளத்தில் திருத்துங்கள். 2021இலிருந்து கிடைத்த கூடுதல் உதவி 2025 முடிவு வரைக்கும் என்றுதான் எழுதப்பட்டிருந்தது; அதனால் நண்பர்கள் சொல்லும் பழைய பிரீமியத் தொகைகளை நம்பாமல் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். திட்டம் தேர்ந்தெடுக்கும்போது 'சில்வர்' வகையைப் பாருங்கள். வறுமைக்கோட்டின் ஒன்றரை மடங்கு முதல் இரு மடங்கு வரை வருமானம் உள்ளவர் சில்வர் எடுத்தால், சராசரியாக 87 சதவீதச் செலவைத் திட்டமே ஏற்கும்படி டிடக்டபிளும் கோபேயும் (ஒவ்வொரு முறையும் நாம் கட்டும் பங்கு) குறையும். மாதப் பிரீமியம் மலிவு என்று 'பிரான்ஸ்' (வெண்கலம்) வகை எடுத்தால் இந்தச் சலுகை கிடையாது. இன்சுலின் எடுப்பவருக்கு இது பெரிய வித்தியாசம்.

மாமியாருக்கு

பிள்ளை இத்தனை ஆண்டு வரி கட்டியிருப்பதால் அம்மாவுக்கு மெடிகேர் (65 வயதைத் தாண்டியவர்களுக்கான அரசுக் காப்பீடு) தானாக வரும் என்று நம் ஆட்களிடையே பரவலான நம்பிக்கை. அப்படி இல்லை. தன்னுடைய அல்லது தன் துணையின் உழைப்புக் காலம்தான் கணக்கு. அது இல்லாதவர் ஐந்து ஆண்டு தொடர்ந்து வசித்த பிறகு, முழுப் பிரீமியம் கட்டி மெடிகேர் வாங்கலாம். அதுவரை மூன்றரை ஆண்டுக்கு அவருக்கும் சந்தைத் தளம்தான் வழி. 65 வயதைத் தாண்டியிருந்தாலும் இலவச மெடிகேருக்குத் தகுதி இல்லாததால் சேரலாம்.

இதில் வரிக் கணக்கு முக்கியம். முன்பு, ஐந்து ஆண்டு முடியாத கிரீன் கார்டுக்காரர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தாலும் உதவி உண்டு. 2026 முதல் அது நின்றுவிட்டது. அவர் தனி ஆளாக, வருமானமே இல்லாமல் விண்ணப்பித்தால் ஒன்றும் கிடைக்காது. உங்கள் கூட்டு வரிக் கணக்கில் அவரைச் சார்ந்திருப்பவராகக் காட்டினால், குடும்ப வருமானம் 60,000 அவருக்கும் பொருந்தும், உதவி கிடைக்கும். அவர் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் பார்த்துக்கொள்வதால் அதற்குத் தடை இருக்காது. ஊரில் வாடகை வருமானம் ஏதாவது இருந்தால் மட்டும் வரி ஆலோசகரிடம் கேளுங்கள். கணவர் அவருக்கு ஸ்பான்சராகக் கையெழுத்திட்ட உறுதிமொழியில், மெடிகெய்ட் போன்ற உதவிகளை அவர் பெற்றால் அரசு உங்களிடம் திருப்பிக் கேட்கலாம் என்று இருக்கும். பிரீமிய வரி உதவி அந்தப் பட்டியலில் இல்லை.

கடைசியாக, 'இதையெல்லாம் வாங்கினால் என் குடியுரிமை கெட்டுப்போகுமா' என்று கேட்டிருந்தீர்கள். அரசு உதவியையே நம்பி வாழ்வாரா என்று பார்க்கும் 'பப்ளிக் சார்ஜ்' என்ற சோதனை கிரீன் கார்டு கேட்கும்போது பார்ப்பது. குடியுரிமை விண்ணப்பத்தில் அது கிடையாது. குடிமக்களான உங்கள் பிள்ளைகள் சிப்பில் சேர்வதும் கணவர் வரி உதவி பெறுவதும் உங்களுக்கு எதிராக எழுதப்படாது. விண்ணப்பங்களில் வருமானத்தையும் குடும்பத்தில் எத்தனை பேர் என்பதையும் ஒரே மாதிரி உண்மையாக எழுதுங்கள். வரித் தாக்கலும் அதோடு ஒத்துப்போகட்டும். மாமியாரின் கிரீன் கார்டு நகல், கணவரின் காப்பீடு முடிந்த கடிதம், உங்கள் கம்பெனியின் பிரீமியப் பட்டியல் ஆகிய மூன்றும் இருந்தால் இந்த வாரமே ஹெல்த்கேர் டாட் கவ் விண்ணப்பத்தைத் தொடங்கிவிடலாம். மாமியாருக்குத் தனி விண்ணப்பம் போட வேண்டாம், ஒரே குடும்ப விண்ணப்பத்தில் அவரையும் சேருங்கள்.